எண்ணுக்கு எதிரே ஒரு பெயர்

அனுப்பிய மெயில் அப்படியே திரும்பி வந்து கிடந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஜின்சி அதை மூன்று தடவை வாசித்தாள். புரியாமல் இல்லை, நன்றாகவே புரிந்தது. புரிந்த பிறகும் உடம்பு பதறவில்லை என்பதுதான் அவளுக்கே கொஞ்சம் அதிசயமாக இருந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தை விரலால் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, பத்து மாதமாக அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் பிரிஜா உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷனையும் சேர்த்து முட்டத்து ஆட்கள் எட்டுப் பேர் வளைகுடாவில் ஒரு நாட்டுச் சிறையில் இருந்தார்கள். மீன் பிடிக்கப் போன இடத்தில் எல்லை தாண்டிவிட்டார்களாம். கடலில் கோடு போட்டு வைத்திருப்பவர்களுக்குத்தான் அது தெரியும்.

"போச்சா?" என்றாள் பிரிஜா.

"திரும்பி வந்திருக்கு."

"மறுபடியுமா? நாளைக்குத்தானட்டி கடைசி நாளு?"

"ஆமா. நாளைக்கு ரெண்டரை மணி."

பெருநாளை ஒட்டி அங்கே சிறையிலிருந்து சிலரை மன்னித்து விடுவார்கள். அந்தப் பட்டியலுக்கு மனு புதன்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அவர்களுக்கு ஒரு மணி, நமக்கு இரண்டரை. இதை விட்டால் அடுத்த வருடம்தான். மனுவை எழுதி, எட்டுப் பேரின் பாஸ்போர்ட் நகலையும் சேர்த்து, 'கரைத்துணை' என்ற சங்கத்தின் பெயரில் ஜின்சிதான் அனுப்பினாள். மூன்று நாளாக அனுப்பிக்கொண்டும் இருக்கிறாள். மூன்று நாளாகத் திரும்பி வந்துகொண்டும் இருக்கிறது.

வெளியே 'டிஜோ நெட் சர்வீஸ்' என்று போர்டு பெரிதாகத்தான் இருக்கும். உள்ளே வந்தால் ஒரு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், தமிழ்நாட்டு மின்சாரத்தை நம்பாமல் வாங்கிப் போட்ட ஒரு பெரிய பேட்டரி, அவ்வளவுதான். வீட்டின் முன்னறையே கடை. இரண்டு பள்ளிக்கூடம், ஒரு ஐஸ் கம்பெனி, ஒரு கன்னியர் மடம், கரைத்துணைச் சங்கம், இவர்களின் மெயில் எல்லாம் சென்னையில் ஒரு கம்பெனியில் டிஜோ வாடகைக்கு எடுத்திருந்த ஒரே சர்வர் வழியாகப் போய் வந்தது. டிஜோ ஜின்சியின் புருஷன். போன நவம்பரிலிருந்து அவனைக் காணவில்லை.

ரெஜினின் வள்ளத்தில் புதிதாகப் பூட்டிய மீன் பார்க்கும் கருவி சரியாக வேலை செய்யவில்லை என்று அதைப் பார்க்கத்தான் டிஜோ ஏறினான். ரெஜின் அவன் தம்பி. போன் நனைந்துவிடும் என்று டிஜோ அதை ஜின்சி கையில் கொடுத்துவிட்டு ஏறினான். மூன்று மணி நேரத்தில் திரும்பிவிடுவதாகப் பேச்சு. வள்ளம் வந்தது. ரெஜின் வந்தான். கூடப் போன இரண்டு பேரும் வந்தார்கள். ஒரு அலை வள்ளத்தைச் சாய்த்து நிமிர்த்தியதில் டிஜோ மட்டும் இல்லை. எட்டு நாள் தேடினார்கள். அந்த எட்டு நாளும் ஜின்சி அவன் போனைச் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். இன்றைக்கு வரைக்கும் போட்டுத்தான் வைத்திருக்கிறாள்.

உடல் கிடைக்காத ஆளின் பெயரை அந்தத் தெருவில் யாரும் எந்தப் பட்டியலிலிருந்தும் வெட்டுவதில்லை. ரேஷன் கார்டில் இருக்கும், வள்ளச் சங்கத்தில் இருக்கும். அவன் பெட்டியையும் திறப்பதில்லை. கோயிலில் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை வைத்த பிறகுதான் பெட்டி திறக்கும். அதுவரைக்கும் ஆள் வந்துகொண்டிருக்கிறான் என்றுதான் பொருள். ஞாயிறு பூசைக்கு முன்னால் சாமியார் இரண்டு பட்டியல் வாசிப்பார். ஒன்று, கடலுக்குப் போனவர்களின் நலனுக்காக. இன்னொன்று, இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. மாமியார் செசிலிக்கு எழுதத் தெரியாது. ஒவ்வொரு வாரமும் ஜின்சியிடம் ஒரு துண்டுத்தாளை நீட்டுவாள், ஜின்சி 'டிஜோ, கடல் நலம்' என்று எழுதிக் கொடுப்பாள். நாற்பது வாரமாக டிஜோ கடலில்தான் இருக்கிறான்.

ஜின்சியும் கடையில் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். சென்னைக் கம்பெனிக்கு ஏதாவது எழுத வேண்டியிருந்தால் அவன் பெயரில் நுழைந்து, அவன் எழுதுவது போலவே எழுதி, 'நன்றி, டிஜோ' என்று முடிப்பாள். 'அன்புள்ள டிஜோ' என்று பதில் வரும். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை என்பதுதான் சரி.

திரும்பி வந்த மெயிலில் அந்த நாட்டு வாசல்காரன் இரண்டே வரியில் காரணத்தைச் சொல்லியிருந்தான். வாசல்காரன் என்றால் ஆள் இல்லை, வருகிற மெயிலைச் சோதித்து உள்ளே விடுகிற மெஷின்தான். 'உங்கள் எண்ணுக்கு உரிய பெயரும், அந்தப் பெயருக்கு உரிய எண்ணும் ஒத்துப்போகவில்லை. கடிதம் ஏற்கப்படவில்லை.'

கல்யாணமான முதல் வருடம் துறைமுகத்துச் சுவரில் உட்கார்ந்து டிஜோ அவளுக்கு இதைச் சொன்னான். அவளும் கம்ப்யூட்டர் படித்தவள்தான், ஆனால் இதையெல்லாம் கல்லூரியில் சொல்லவில்லை.

"இன்டர்நெட்ல ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பேரு, ஒரு நம்பரு. பேரச் சொல்லிக் கேட்டா நம்பரு வரும். அது நம்ம கையில. நம்பரச் சொல்லிக் கேட்டா பேரு வரும் பாத்தியா, அது நம்ம கையில இல்ல. நம்பரு யாருக்குச் சொந்தமோ அவன் கையிலயாக்கும். வள்ளத்துக்கு முன்னால நீ என்ன பேரு வேணும்னாலும் எழுது. ஆபீஸ் புக்குல நம்பருக்கு நேரா என்ன பேரு கெடக்கோ, அதச் சொல்லித்தான் கோஸ்ட் கார்டு கூப்பிடுவான்."

"அப்ப நம்ம சர்வருக்கு நேரா என்ன பேரு எழுதியிருக்கு?"

அவன் சிரித்தான். கம்பெனிக்காரனிடம் கேட்டு எழுத வைத்த பெயரைச் சொன்னான். ஆரோக்கியமேரி டாட் டிஜோமுட்டம் டாட் இன். ஆரோக்கியமேரி என்பது அவன் அப்பாவின் வள்ளம். அது எப்போதோ உடைந்து விறகாகிவிட்டது. புத்தியுள்ளவன் என்றால் கடையின் பெயரையோ சங்கத்தின் பெயரையோ வைத்திருப்பான். இவனுக்கு ஆசை, வைத்துவிட்டான். பள்ளிக்கூடத்து மெயிலானாலும் மடத்துச் சிஸ்டர்களின் மெயிலானாலும், உலகத்தில் எந்த வாசலில் போய் நின்றாலும், எண்ணைப் பார்த்துக் கேட்கிறவர்களுக்கு அப்பாவின் வள்ளமும் மகனின் பெயரும்தான் பதிலாகப் போனது. மெஷின்களைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

இப்போது அந்த எண்ணைக் கேட்டால் அதே பெயர்தான் வந்தது. அந்தப் பெயரைத் திருப்பிக் கேட்டால் வேறு ஏதோ எண் வந்தது. ஜின்சி அந்தப் பெயரின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். தலைமுடி வளரும் எண்ணெய் விளம்பரம் வந்தது.

டிஜோமுட்டம் என்ற பெயர் இப்போது டிஜோவிடம் இல்லை. வருடாவருடம் புதுப்பிக்க வேண்டிய பெயர் அது. ஜூனில் தவணை முடிந்து, பெயர் விற்கிறவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு அதை வெளியில் விட்டிருக்கிறார்கள். யாரோ பொறுக்கிக்கொண்டான். அறிவிப்பு அனுப்பாமலா இருந்திருப்பார்கள்? அனுப்பியிருப்பார்கள். எங்கே வந்திருக்கும் என்றும் ஜின்சிக்குத் தெரியும்.

டிஜோவுக்குச் சொந்தமாக ஒரு மெயில் பெட்டி இருந்தது. கடையின் பெட்டி வேறு, அது வேறு. பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும். பத்து மாதமாக அவள் அதைத் திறக்கவில்லை. மச்சில் அவன் தகரப் பெட்டி திறக்காமல் கிடந்தது, இதுவும் அப்படியே கிடந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் யோசித்ததே இல்லை.

இன்றைக்குத் திறந்தாள். பிரிஜா பார்த்துக்கொண்டிருந்ததால் திறக்க முடிந்தது, தனியாக இருந்திருந்தால் முடிந்திருக்காது. வாசிக்காத மெயில் மூவாயிரத்துச் சொச்சம். புதுப்பிக்கச் சொல்லி வந்தவற்றை மட்டும் தேடினாள். பதினொன்று இருந்தன. முதலில் மரியாதையாக, பிறகு அவசரமாக, கடைசியில் 'வருந்துகிறோம்' என்று. வேறு எதையும் பார்க்காமல் மூடினாள். மேலாக அவளே அவனுக்கு எப்போதோ அனுப்பிய ஒன்று தெரிந்தது, 'வரும்போது உளுந்து வாங்கணும்' என்று. அதையும் ஏதோ விளம்பரத்தைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

பத்தரை மணிக்கு ஞானதாசன் சார் வந்தார். தபால் ஆபீசில் முப்பது வருடம் இருந்தவர். சுனாமிக்குப் பிறகு கரைத்துணையைத் தொடங்கியவரும் அவர்தான். ஜின்சி சொன்னதைக் கேட்டு அவருக்குக் கோபம்தான் வந்தது.

"அனுப்பினவன் பேரு தப்பா இருக்குன்னு நாங்க ஒரு கடிதத்தையாவது திருப்பி அனுப்பியிருக்கமா? என்ன எளவு நியாயம் இது? உன் சொந்த மெயில்ல இருந்து அனுப்பினா என்ன?"

"முந்தாநாளே அனுப்பியாச்சு சார். பதிவில்லாத முகவரின்னு எடுக்கல."

"வேற சர்வர் எடுத்தா?"

"அவங்க தூதரகம் வழியா பதிஞ்சு வச்சிருக்கது இந்த நம்பரயாக்கும். புது நம்பருன்னா மறுபடியும் கடிதம், முத்திரை, ஒரு மாசம் ஆவும். இந்த நம்பருக்கு நேரா இருக்க பேர மாத்தணும். அது ஒண்ணுதான் வழி."

"அப்ப மாத்து மக்கா."

மாற்றச் சொல்லி ஏற்கெனவே எழுதிவிட்டாள், டிஜோவாக. பதிலும் வந்துவிட்டது. அன்புள்ள டிஜோ, எண்ணுக்கு எதிரே உள்ள பெயரை மாற்றுவதென்றால் கணக்குக்கு உரியவரின் குரலைக் கேட்டு உறுதி செய்வது எங்கள் விதி. பதிவு செய்த உங்கள் போனுக்கு இன்று பதினொரு மணிக்கு அழைக்கிறோம். ஒரு நிமிடம் போதும்.

ஞானதாசன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரிஜா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். மூன்று பேருக்கும் ஒரே யோசனைதான் வந்தது. வாய் திறந்து சொன்னவர் சார்.

"ரெஜினுக்கும் அவனுக்கும் ஒரே குரலாக்கும். ரெண்டு பேரும் போன்ல பேசினா எனக்கே பிடிகிட்டாது."

துறைமுகத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ரெஜின் பத்து நிமிடத்தில் வந்தான். கால் நிறைய மணல். நடந்ததைக் கேட்டுவிட்டு ஜின்சியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் தலையாட்டினான். நவம்பருக்குப் பிறகு அவன் அவளை நேராகப் பார்ப்பதில்லை.

"என்ன சொல்லணும் மயினி?"

"பேரச் சொல்லணும். பிறந்த தேதி கேப்பாங்க. அம்மை பேரு கேப்பாங்க."

"அம்மை பேரு ஒண்ணுதானே," என்றான் ரெஜின். யாரும் சிரிக்கவில்லை.

பதினொன்று அடித்து இரண்டு நிமிடத்தில் டிஜோவின் போன் மணியடித்தது. மாதா பாட்டு. அவன் வைத்த பாட்டு, அவள் மாற்றவில்லை. ரெஜின் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டாள் ஜின்சி.

"சார் வணக்கம், சென்னையிலேர்ந்து சுந்தரராஜ் பேசறேன். டிஜோ சார் இருக்காரா?"

ரெஜின் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். பிரிஜா கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா. டிஜோவாக்கும் பேசுதேன்."

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பயத்தில் பேசினால் அப்படித்தான் வரும். பின்கட்டில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. பிறகு செருப்பில்லாத காலடி வேகமாக வந்தது. வாசற்படியில் செசிலி நின்றாள். கையெல்லாம் மீன் செதில். கண் முதலில் ரெஜினிடம் போகவில்லை. மேசைக்குப் பின்னால், கம்ப்யூட்டருக்கு அந்தப் பக்கம், கதவுக்குப் பின்னால், எல்லா இடத்திலும் தேடிவிட்டுத்தான் ரெஜினிடம் வந்தது.

"ஏலே, இப்ப யாரு பேசினது?"

"சார், உங்க பிறந்த தேதி சொல்லுங்க," என்றது போன்.

ஜின்சி அவன் கையிலிருந்து போனை எடுத்தாள். அந்த நேரத்தில் எட்டுப் பேரை நினைத்தாளா, பிரிஜாவை நினைத்தாளா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மாமியாரின் கண் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தாள். இன்னொரு தடவை அப்படி ஓட விடக் கூடாது என்று மட்டும் இருந்தது.

"சார், நான் அவரு வைஃப் ஜின்சி. இப்ப பேசினது அவரு தம்பி. தப்புத்தான், மன்னிச்சுக்கிடுங்க. அவரு இல்ல."

"வெளிய போயிருக்காரா மேடம்? எப்ப வருவாரு?"

இந்தக் கேள்விக்குப் பத்து மாதமாக அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. கடலுக்குப் போயிருக்கிறார். தபால்காரனுக்கும், பேங்குக்கும், கேஸ் கம்பெனிக்கும் அதைத்தான் சொன்னாள்.

"வரமாட்டாரு. இறந்துட்டாரு. போன நவம்பர்ல, கடல்ல."

செசிலி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சொல்லிவிட்டோம் என்று ஜின்சி நினைத்தாள். சொன்னது யாரோ என்பது போலவும் இருந்தது.

சுந்தரராஜ் நல்ல மனிதன். இத்தனை நாள் எழுதியது யார் என்று கேட்கவில்லை. கணக்கை மனைவி பெயருக்கு மாற்றலாம், அதற்கு ஒரு படிவம் உண்டு என்றான். மரணச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டான். உடல் கிடைக்காதவனுக்குச் சான்றிதழ் வாங்க ஏழு வருடம் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்றாள். நாங்கள் கோர்ட் இல்லை மேடம், போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த புகாரின் நகலும் கல்யாணச் சான்றிதழும் போதும், காரணம் என்ற இடத்தில் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்புங்கள் என்றான்.

படிவத்தில் காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டம் இருந்தது. வேலை மாற்றம், விற்பனை, மரணம். மூன்றாவதில் ஜின்சி டிக் அடித்தாள். கையெழுத்து நேராகவே விழுந்தது. ரெஜின் வாசலுக்கு வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதான். நியாயமாகப் பார்த்தால் அவள் அழ வேண்டியது.

பதினொன்று முப்பத்தைந்துக்கு எண்ணைக் கேட்டுப் பார்த்தாள். ஆரோக்கியமேரி டாட் டிஜோமுட்டம் டாட் இன் என்று வந்தது. பதினொன்று நாற்பதுக்குச் சுந்தரராஜ் மறுபடியும் கூப்பிட்டான்.

"புதுசா என்ன பேர் போடட்டும் மேடம்?"

"மெயில் டாட் கரைத்துணை டாட் இன்."

"போட்டாச்சு. ஆனா பழைய பேரை ஏற்கெனவே கேட்டு வச்சிருக்கறவங்க ஒரு நாளைக்கு அதைத்தான் ஞாபகத்துல வச்சிருப்பாங்க. எண்பத்தாறாயிரத்து நானூறு செகண்ட். அது நம்ம கையில இல்ல."

அதுவும் அவளுக்குத் தெரியும். கம்பெனியின் ஏட்டில் பெயர் அப்போதே மாறிவிட்டது. ஆனால் உலகத்தில் ஒவ்வொருவனும் ஒவ்வொரு தடவையும் கம்பெனியிடம் ஓடிப் போய்க் கேட்பதில்லை. ஒரு தடவை கேட்டதை ஒரு நாள் வைத்துக்கொள்வான். அந்த நாட்டு வாசல்காரன் கடைசியாகக் கேட்டது காலையில்தான். அப்படியென்றால் நாளைக்குப் பதினொன்றரைக்குள் அவனும் மறந்துவிடுவான். மூன்று மணி நேரம் மிச்சம் இருக்கும்.

"இன்னும் ஒரு நாள்," என்று பிரிஜாவிடம் சொன்னாள். பிரிஜா அவள் கையைப் பிடித்து அழுத்தி, வாசற்படியில் இருந்த செசிலியை ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே போனாள்.

அன்றைக்குச் செசிலி மீனைக் கழுவினாள், குழம்பு வைத்தாள், பரிமாறினாள், தான் சாப்பிடவில்லை. ஜின்சி நன்றாகச் சாப்பிட்டாள். அதற்காக வெட்கப்பட வேண்டும் என்று தோன்றியது, வெட்கம் வரவில்லை. நடுநடுவே எண்ணைக் கேட்டுப் பார்த்தாள். அவர்களுக்கு இன்டர்நெட் தருகிறவனின் ஞாபகத்தில் பழைய பெயர் இருந்தது, பக்கத்தில் மிச்சமுள்ள நொடிகளும் இருந்தன. எண்பதாயிரத்துச் சொச்சம். எழுபத்தோராயிரம். கரண்டு போனது, மறுபடி வந்தபோது அறுபத்து நாலாயிரம். இங்கே கரண்டு இல்லையென்று அது நிற்கப் போவதில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிப் பூசைக்குச் செசிலி போகவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் புதன்கிழமைப் பூசையை விட்டு ஜின்சி பார்த்ததில்லை. பத்தே காலுக்கு முன்னறைக்கு வந்து, பிரிஜா உட்காரும் நாற்காலியை இழுத்து, ஜின்சிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மஞ்சளும் மீனும் கலந்த வாசனை வந்தது.

"அதுல அவன் பேரு இருக்குன்னு ரெஜின் சொன்னான்."

"இருக்கு மாமி."

"எங்க? காட்டு."

ஜின்சி கேட்டுக் காட்டினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. விரலை வைத்து நகர்த்தினாள். "இது மாமாவுக்க வள்ளம், ஆரோக்கியமேரி. இந்தா, இதுல இருந்து இது வர, டிஜோ."

செசிலி கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒரு எழுத்தும் தெரியாது, ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வள்ளத்துக்கப் பேர எதுக்கு வச்சான்?"

"ஆசையில வச்சிருக்காரு."

"கோட்டிக்காரப் பய," என்றாள் செசிலி. "பக்கத்துல என்ன நம்பரு?"

"மிச்சம் உள்ள நேரம். இப்ப நாலாயிரத்து எண்ணூறு செகண்டு. ஒன்னேகால் மணிக்கூருக்கு மேல இருக்கு. அது முடிஞ்சா இந்தப் பேரு போயிரும்."

"பெறவு?"

"பெறவு கேட்டா புதுப் பேரு வரும். மனு போவும்."

செசிலி எழுந்து போகவில்லை. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். ஒவ்வொரு பத்து மணி உருட்டி முடிந்ததும் 'இப்ப எவ்வளவு' என்பாள், ஜின்சி விசையை அழுத்திச் சொல்வாள். மூவாயிரத்து எழுநூறு. மூவாயிரத்து நூறு. இரண்டாயிரம். ஒவ்வொரு தடவையும் டிஜோவின் பெயர் வந்தது. அவன் உடலைக் கிடத்தி விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஊரில் மற்றவர்கள் இறந்தவரை வீட்டில் வைத்துச் செய்கிற காவல் அது. இவர்களுக்கு உடலே இல்லாததால் பத்து மாதம் கழித்து, ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் வாய்த்தது. ஜின்சிக்கு இது பிடிபட்டபோது நெஞ்சில் ஏதோ லேசாக வலித்தது. மரத்துப்போன இடத்தில் உணர்ச்சி திரும்பும்போது முதலில் வலிக்கத்தான் செய்யும்.

பதினொன்று முப்பத்து நாலுக்கு ஐம்பது நொடி இருந்தது. பிறகு இருபத்தெட்டு. பிறகு ஒன்பது. அதற்குப் பிறகு ஜின்சி விசையின் மேல் விரலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். கேட்காமல் இருந்தால் கடைசியாக வந்த பதில் திரையில் அப்படியே இருக்கும். எத்தனை நேரம் வேண்டுமானாலும் இருக்கும். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம் ஓடியது. இன்னொரு நிமிடமும் ஓடியது. வாசலில் பிரிஜா வந்து நின்றது தெரிந்தது, உள்ளே வராமல்.

"அமத்து மக்கா," என்றாள் செசிலி.

ஜின்சி அழுத்தினாள்.

மெயில் டாட் கரைத்துணை டாட் இன். எண்பத்தாறாயிரத்து நானூறு.

அவள் மனுவை மறுபடியும் அனுப்பினாள். இந்தத் தடவை அது திரும்பி வரவில்லை. ஏற்றுக்கொண்டோம் என்று அந்த வாசல்காரன் ஒரு வரி சொல்லியிருந்தான். கொஞ்ச நேரத்தில் அலுவலகத்திலிருந்தே பதிவு எண் வந்தது, எட்டுப் பெயரும் கீழே வரிசையாக. ஜின்சி அதைப் பிரின்ட் எடுத்து வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிரிஜா தாளை வாங்கிப் புருஷன் பெயரைத் தேடினாள். நாலாவதாக இருந்தது. ஜின்சியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, ஞானதாசன் சாரிடம் சொல்ல ஓடினாள்.

திரும்பி வந்தபோது செசிலி அதே நாற்காலியில் இருந்தாள். திரையை இன்னமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி அந்த நம்பரக் கேட்டா அவன் பேரச் சொல்லாதா?"

"சொல்லாது மாமி."

"எங்க கேட்டாலுமா?"

"எங்க கேட்டாலும்."

செசிலி தலையாட்டினாள். மேசையில் கிடந்த துண்டுத்தாள் ஒன்றை எடுத்து ஜின்சியின் முன்னால் வைத்தாள். வழக்கமாகச் சனிக்கிழமைதான் நீட்டுவாள்.

"ஞாயித்துக்கெழம பூசைக்குப் பேரு எழுதித் தா."

ஜின்சி பேனாவை எடுத்தாள். நாற்பது வாரப் பழக்கத்தில் கை தானாகவே 'டிஜோ' என்று எழுதி, ஒரு புள்ளி வைத்து, அடுத்த வார்த்தைக்குப் போய் நின்றது.

"எந்த லிஸ்டுல மாமி?"

"நீ நேத்து போன்ல சொன்னியே," என்றாள் செசிலி, "அந்த லிஸ்டுல."

ஜின்சி எழுதினாள். 'ஆன்ம இளைப்பாற்றி' என்பது நீளமான வார்த்தை. அதை முடிக்கும் முன்னாலேயே தாள் நனைந்துவிட்டது. தன் கண்ணிலிருந்துதான் விழுகிறது என்பதே அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. செசிலி அவள் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். மற்றக் கையால் அந்தத் துண்டுத்தாளை எடுத்து, மை கலையாமல் ஊதிக் காயவைத்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.